வெளிநாட்டு அத்தைக்கு ஒரு ரயில் டிக்கெட்

பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஓராண்டு முன்பே இடம் தருகிறது ரயில்வே. நாளைக்கே போக வேண்டும் என்றால் ஆதார் கேட்கிறது. நடுவில் நிற்கிறார்கள் கடல் கடந்து வரும் தமிழர்களும், அவர்களுக்காக டிக்கெட் எடுத்துத் தரும் அல்சூர் உறவினர்களும்.

அல்சூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மலேசியாவிலிருந்து அத்தை ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய விசாவை அவரே இன்டர்நெட்டில் வாங்கியிருப்பார். விமான டிக்கெட்டும் அவரே எடுத்ததுதான். பெங்களூரில் இறங்கி டாக்ஸி பிடிக்கவும் அவருக்கு யார் தயவும் தேவையில்லை. ஆனால் மதுரைக்கோ ராமேஸ்வரத்துக்கோ வேளாங்கண்ணிக்கோ ரயில் ஏற வேண்டும் என்றதும் நிலைமை மாறிவிடுகிறது. கையில் கிரெடிட் கார்டு இருக்கிறது, விலை உயர்ந்த கைபேசி இருக்கிறது, வாயில் நல்ல தமிழ் இருக்கிறது. இருந்தும் அல்சூரில் இருக்கும் அண்ணன் மகளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

காரணம், ரயில்வேயின் கம்ப்யூட்டருக்கு அத்தையின் தாய்மொழி தெரியாது. அவருடைய தாத்தா சேலத்திலிருந்து கப்பல் ஏறியவர் என்பதும் தெரியாது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, ஆதார் உண்டா இல்லையா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே அது ஆளை எடைபோடுகிறது. முதல் கேள்விக்கான பதில் அத்தைக்கு ஒரு சலுகையைத் தருகிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் அதைப் பாதி பறித்துக்கொள்கிறது.

தண்டு ஸ்டேஷன் வாசலில்

அல்சூருக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு பழையது. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தங்கள் படைக்குத் தண்டு அமைத்தார்கள். படையைத் தொடர்ந்து வந்து பிழைப்புத் தேடிய தமிழர்கள் வேரூன்றிய இடங்களில் அல்சூரும் ஒன்று. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட்டுக்குப் பாதை போட்டு ரயில் விட்டது மெட்ராஸ் ரயில்வே. பெங்களூர் பார்த்த முதல் ரயிலே தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்ததுதான். ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம், 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, 2011 முதல் மெட்ரோ ரயில் என்று அல்சூர் வளர்ந்துவிட்டது. ஆனாலும் ஊருக்குப் போக அந்தக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனே இன்னமும் பக்கத்து வாசல். கோயம்புத்தூருக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் இடையே 2023 டிசம்பர் 30 அன்றும், மதுரைக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் இடையே 2024 ஆகஸ்ட் 31 அன்றும் வந்தே பாரத் வண்டிகள் தொடங்கிவைக்கப்பட்டன.

வெளிநாட்டுக்காரர் முதலில் தடுக்கி விழுவது இந்த ஸ்டேஷன் பெயர்களில்தான். பெங்களூர் என்று தட்டினால் ஒரு ஸ்டேஷன் அல்ல, ஒரு பட்டியலே வந்து நிற்கும். மெஜஸ்டிக் பக்கம் இருக்கும் பெரிய ஸ்டேஷன் கே.எஸ்.ஆர். பெங்களூர், அதன் சுருக்கக் குறி எஸ்.பி.சி. கன்டோன்மென்ட்டுக்கு பி.என்.சி., யஷ்வந்த்பூருக்கு ஒய்.பி.ஆர்., பையப்பனஹள்ளியில் 2022-இல் இயங்கத் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா டெர்மினலுக்கு எஸ்.எம்.வி.பி. பெயரைப் பார்த்து ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அல்சூரில் தங்கியிருப்பவர் வண்டியைப் பிடிக்க விடிகாலையில் நகரின் மறுகோடிக்கு ஓட வேண்டியிருக்கும்.

சென்னையிலும் இதே கதை. சென்ட்ரலின் குறி எம்.ஏ.எஸ்., எழும்பூரின் குறி எம்.எஸ். முன்னதன் முழுப்பெயர் 2019 முதல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் என்று நீண்டுவிட்டது. டொரன்டோவில் பிறந்து வளர்ந்த பேரனுக்கு இது சென்ட்ரல்தான் என்று யாராவது சொன்னால்தான் விளங்கும். ஊர் பெயரை நம்பாதீர்கள், சுருக்கக் குறியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பது வெளிநாட்டு உறவினருக்குச் சொல்ல வேண்டிய முதல் பாடம்.

டாலர் கொடுத்து வாங்கிய காலம்

வெளிநாட்டுப் பயணிக்கென்று தனி ஏற்பாடு செய்வது ரயில்வேக்குப் புதிதல்ல. 1980-களின் நடுவில் டில்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்து, பிறகு பெருநகரங்களுக்குப் பரவி, 1999-இல் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே வலையாக இணைந்தன. அதற்கு முன்னும் பின்னும் பெரிய ஸ்டேஷன்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கவுன்டர் இருந்தது. டாலரோ பவுண்டோ கொடுக்கலாம். ரூபாயாகக் கொடுத்தால் வங்கியில் மாற்றியதற்கான ரசீதையும் காட்ட வேண்டும். அன்னியச் செலாவணிக்கு நாடு ஏங்கிய காலம் அது. ரயில் இடமும் ஓர் ஏற்றுமதிச் சரக்காகவே கருதப்பட்டது.

அந்தக் காலத்தின் செல்லப்பிள்ளை இண்ட்ரெயில் பாஸ். வெளிநாட்டவரும் வெளிநாடுவாழ் இந்தியரும் மட்டுமே வாங்கக் கூடியது. வெளிநாடுகளில் இதற்கென்று நியமிக்கப்பட்ட ஏஜென்ட்டுகள் விற்றார்கள். அரை நாளில் தொடங்கி 90 நாள் வரை பல கால அளவுகளில் கிடைத்தது. அதன் கடைசி ஆண்டுகளில் ஏ.சி. இரண்டடுக்கு வகுப்புக்கான 7 நாள் பாஸின் விலை 135 டாலர். சாதாரண இரண்டாம் வகுப்புக்கு 80 டாலர். ரிசர்வேஷன் கட்டணம் இல்லை, அதிவிரைவு வண்டிக்கான உபரிக் கட்டணம் இல்லை.

ரூபாய்க் கணக்குப் போட்டுப் பார்த்தால், தனித்தனியாக டிக்கெட் எடுப்பதைவிட இது பலருக்கு மலிவாக இருந்திருக்காது. ஆனால் அதன் பயன் விலையில் இல்லை. லண்டனிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்தபடி பயணத் திட்டத்தைச் சொன்னால், பாஸும் ரிசர்வேஷனும் சேர்ந்து கைக்கு வரும். படிவம், கவுன்டர், வரிசை, தெரிந்தவர் சிபாரிசு எதுவும் வேண்டாம். இடம் நிச்சயம் என்று பாஸ் உறுதி தந்ததில்லை. வண்டிதோறும் தனியாக ரிசர்வ் செய்தே ஆக வேண்டும். ஆனாலும் அந்த வேலையைச் செய்து தர ஓர் ஆள் இருந்தார் என்பது பெரிய நிம்மதி.

2017-இல் இண்ட்ரெயில் பாஸ் நிறுத்தப்பட்டது. எல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்கும்போது பாஸ் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாம் எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

கார்டு செல்லாத காலம்

ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் டிக்கெட் விற்கத் தொடங்கியது 2002 ஆகஸ்டில். முதலில் கம்ப்யூட்டரில் பணம் கட்டினால் அச்சடித்த டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். வெளிநாட்டில் இருப்பவருக்கு இதனால் என்ன பயன்? 2005-இல் இ-டிக்கெட் வந்த பிறகுதான் கடல் கடந்து இருப்பவருக்குக் கதவு திறந்தது.

திறந்த கதவில் இரண்டு பூட்டுகள் இருந்தன. ஒன்று, கைபேசி எண். கணக்குத் தொடங்க இந்தியக் கைபேசிக்கு வரும் ரகசிய எண் தேவை. வெளிநாட்டவர் பாஸ்போர்ட் நகலை மின்னஞ்சலில் அனுப்பி, யாரோ ஒரு அதிகாரி மனமிரங்கிப் பதில் அனுப்பும்வரை காத்திருந்தார்கள். இரண்டாவது, பணம். வெளிநாட்டு வங்கிகளின் கார்டுகளில் பெரும்பாலானவை பல ஆண்டுகள் அங்கே செல்லவில்லை. கார்டை ஏற்கும் தனியார் பயணத் தளங்களைத் தேடிப் பயணிகள் சுற்றிவந்தார்கள். அல்சூர் மருமகள்களும் அண்ணன் மகள்களும் குடும்பத்தின் புக்கிங் கிளார்க் ஆனது இந்தக் காலத்தில்தான்.

இன்று இரண்டு பூட்டும் ஓரளவு கழன்றிருக்கின்றன. வெளிநாட்டுக் கைபேசி எண்ணை வைத்தே பதிவு செய்யலாம். அதற்கு 100 ரூபாயும் வரியும் கட்ட வேண்டும். 2016 முதல் வெளிநாட்டு கார்டுகளும் ஏற்கப்படுகின்றன. ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் வரிசையாக வரும் எல்லா வழிகளிலும் அல்ல. சர்வதேச கார்டு என்று குறிப்பிட்டிருக்கும் வழியில் மட்டும். வேறொன்றைத் தட்டிவிட்டு, கார்டு செல்லவில்லை என்று நொந்துகொள்கிறவர்கள் உண்டு.

இன்னொரு சங்கதி நேரம். இரவு 11.45 முதல் 12.20 வரை ரிசர்வேஷன் கம்ப்யூட்டர் தினமும் ஓய்வெடுக்கும். நமக்கு அது தூங்கும் நேரம். டொரன்டோவில் கோடை காலத்தில் அது பிற்பகல் இரண்டேகால் மணி. அந்த நேரத்தில் தளம் திறக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரிலோ கார்டிலோ கோளாறு இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும்.

365-உம் 60-உம்

இனி அந்தச் சலுகையைப் பார்க்கலாம். முக்கியமான வண்டிகளில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ரயில்வே மொழியில் இது ஃபாரின் டூரிஸ்ட் கோட்டா. ஒரு காலத்தில் கவுன்டருக்கு நேரில் போனால்தான் கிடைக்கும். 2017-இல் இது ஐ.ஆர்.சி.டி.சி. தளத்துக்கு வந்தது. பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுத்துப் பதிவு செய்தால், பயண நாளுக்கு 365 நாள் முன்பே இந்த ஒதுக்கீட்டில் இடம் பிடிக்கலாம்.

உள்ளூர்க்காரருக்கு இருந்த 120 நாள் அவகாசம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அந்த உத்தரவிலேயே வெளிநாட்டவருக்கான 365 நாளில் மாற்றமில்லை என்றும் தெளிவாகச் சொல்லப்பட்டது. ஆக, அடுத்த ஆண்டு தைப்பூசத்துக்கு வரப்போகும் மலேசிய அத்தை இந்த ஆண்டே டிக்கெட் எடுத்து வைக்க முடியும். அவரைக் கூட்டிக்கொண்டு போகும் அல்சூர் அண்ணன் மகளோ 60 நாள் வரும்வரை காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தை ஒரு பெட்டியில், மருமகள் வேறொரு பெட்டியில் என்று போவதற்கும் வாய்ப்பிருக்கிறது. உறவுமுறையைக் கோட்டா கவனிப்பதில்லை.

இந்தச் சலுகையில் சில நிபந்தனைகளும் உண்டு. எல்லா வண்டியிலும் இந்த ஒதுக்கீடு கிடையாது. இருக்கும் வண்டியிலும் எல்லா வகுப்பிலும் கிடையாது. தளத்தில் வழக்கமான தேடலில் இது தானாக வந்து நிற்காது. வெளிநாட்டுப் பயணிக்கான தனிப் பகுதியில் போய்த் தேட வேண்டும். பயணத்தின்போது பாஸ்போர்ட்டின் நகல் போதாது; அசலே கையில் இருக்க வேண்டும். கோட்டா டிக்கெட்டை வெளிநாட்டவர் பெயரில் எடுத்து அதில் உள்ளூர்க்காரர் போவது என்ற சாமர்த்தியம் டிக்கெட் பரிசோதகரிடம் பலிக்காது.

கோட்டா இல்லாத வண்டிகளில் அத்தை சாதாரணப் பொதுப் பிரிவில் எல்லோரையும் போல 60 நாளுக்குள் எடுக்கலாம். அப்போது அவருக்குப் புரியவைக்க வேண்டியது வெயிட்டிங் லிஸ்ட் என்ற நம் ஊர் அதிசயம். பணம் கட்டியாயிற்று, டிக்கெட்டும் வந்தாயிற்று, ஆனால் இடம் இல்லை என்பது மற்ற நாட்டுக்காரருக்கு எளிதில் விளங்காது. ஆர்.ஏ.சி. என்று வந்தால் உட்கார இடம் உண்டு, வண்டியில் ஏறலாம். வெயிட்டிங் லிஸ்ட் இ-டிக்கெட் என்றால், சார்ட் போடும்போதும் இடம் கிடைக்காவிட்டால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ரிசர்வ் பெட்டியில் ஏற முடியாது. இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தால் நடைமேடையில் நடக்கும் பல சச்சரவுகளைத் தவிர்க்கலாம்.

பத்து மணிக் கதவு

ஓராண்டு முன்பே திட்டமிடுகிறவருக்கு ரயில்வே தாராளம் காட்டுகிறது. நாளைக்கே போக வேண்டியவருக்கு? அதற்குத்தான் 1997-இல் தட்கல் வந்தது. ஏ.சி. வகுப்புக்கு முதல் நாள் காலை 10 மணிக்கு, மற்றதற்கு 11 மணிக்கு ஜன்னல் திறக்கும். திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

தீர்ப்பது மனிதர்கள் மட்டுமல்ல. தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் தளத்துக்குள் நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதி வரை மென்பொருள் எந்திரங்களுடையவை என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகமே சொன்னது. 2.5 கோடிக்கும் அதிகமான கணக்குகளை முடக்கியதாகவும் அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக, 2025 ஜூலை 1 முதல் ஆதாரால் சரிபார்க்கப்பட்ட கணக்கு உள்ளவர்கள் மட்டுமே தளத்தில் தட்கல் எடுக்கலாம் என்று விதி வந்தது. ஜூலை 15 முதல் ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் தேவை. அக்டோபர் 1 முதல், சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடமும் ஆதார் கணக்குகளுக்கே என்றானது. அந்த நேரம் பிறகு இன்னும் நீட்டப்பட்டது.

உள்ளூர்ப் பயணிக்கு இது நல்ல செய்தி. எந்திரத்தோடு ஓட்டப்பந்தயம் நடத்தித் தோற்றுக்கொண்டிருந்தவருக்கு ஒரு நியாயமான வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் வெளிநாட்டவருக்கு ஆதார் எங்கிருந்து வரும்? இந்தியாவில் ஓராண்டில் 182 நாளாவது தங்கிய வெளிநாட்டவரே ஆதாருக்கு விண்ணப்பிக்க முடியும். இந்திய வம்சாவளி என்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும் அதே நிபந்தனைதான். மூன்று வாரம் தங்கிப்போகும் அத்தை அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் வளைகுடா தொழிலாளி பிழைத்தார்: வெளிநாடுவாழ் இந்தியர் ஊருக்கு வந்தவுடன் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம்.

யாருக்கு அவசரப் பயணம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றுலாக்காரர் ஒரு நாள் தள்ளிப் போகலாம். திருச்சியில் பெரியப்பா இறந்துவிட்டார் என்று தகவல் கேட்டு நள்ளிரவு விமானத்தில் பெங்களூர் வந்திறங்கும் உறவினருக்குத் தள்ளிப்போட ஒன்றுமில்லை. அவருக்கு 365 நாள் சலுகையால் ஒரு பிரயோசனமும் கிடையாது. வேண்டியது நாளைய வண்டியில் ஓர் இடம். அந்த ஜன்னல்தான் அவருக்கு மூடியிருக்கிறது.

வழியே இல்லையா என்றால், இரண்டு உண்டு. ஒன்று, நேரில் போவது. தளத்துக்கான ஆதார் நிபந்தனை ரிசர்வேஷன் கவுன்டரில் வரிசையில் நிற்பவருக்கு அப்படியே பொருந்தாது. தட்கலுக்கு அங்கே கேட்கப்படுவது கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகவே வந்து இறங்கியதும் ஓர் இந்திய சிம் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். டூரிஸ்ட் கோட்டாவில் இடம் மிச்சமிருக்கிறதா என்றும் கவுன்டரிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது வழி அல்சூர் அண்ணன் மகள். ஆதார் சரிபார்ப்பு கணக்கு வைத்திருப்பவருக்குத்தான். பயணம் செய்பவருக்கு அல்ல. அவருடைய கணக்கில் அத்தைக்குத் தட்கல் எடுக்கலாம்.

உதவியா, வியாபாரமா?

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் ஜெயில் என்று 2024-இல் ஒரு வதந்தி பரவியது. ரயில்வே அதை மறுத்தது. சொந்தக் கணக்கில் உறவினருக்கும் நண்பருக்கும் எடுக்கலாம். இனிஷியலோ குடும்பப் பெயரோ ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆதார் இணைத்த கணக்கில் மாதம் 24 டிக்கெட், இணைக்காத கணக்கில் 12 என்பதுதான் வரம்பு.

குற்றமாவது வியாபாரம். உரிமம் இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதை 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவு தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இன்டர்நெட் வருவதற்கு முன் எழுதிய சட்டம் இ-டிக்கெட்டுக்குப் பொருந்துமா என்ற வாதத்துக்கும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது: பொருந்தும். எனவே அண்ணன் மகள் எடுத்துக் கொடுத்தால் உதவி. லாட்ஜ் சிப்பந்தி தன் சொந்தக் கணக்கில் எடுத்து தலைக்கு 300 ரூபாய் கூடுதலாக வாங்கினால் குற்றம். அப்படி எடுத்த டிக்கெட் பிடிபட்டால் ரத்தாகலாம். நடுவழியில் தவிப்பது அதை நம்பி வந்த பயணிதான்.

வெளிநாட்டவரைக் குறிவைக்கும் ஏமாற்று வேலைகளில் பழையவையும் உண்டு, புதியவையும் உண்டு. பழையதற்கு உதாரணம் டில்லி. புது டில்லி ஸ்டேஷனின் முதல் மாடியில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான அலுவலகம் இருக்கிறது. அதைத் தேடி வருபவரை வாசலிலேயே மடக்கி, ஆபீஸ் மூடிவிட்டது, வேறு இடத்துக்குப் போய்விட்டது என்று சொல்லி ஏதோ ஒரு டிராவல்ஸ் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகும் கும்பல் பல பத்தாண்டுகளாக அங்கே தொழில் நடத்துகிறது. புதியது கைபேசியில் வருகிறது. ரயில்வே பெயரில் வரும் இணைப்பைத் தட்டி, போலிச் செயலியை இறக்கி, பணத்தை இழப்பது. 2023-இல் ஐ.ஆர்.சி.டி.சி.யே இது பற்றி எச்சரித்தது. யாரோ அனுப்பும் இணைப்பிலிருந்து எதையும் இறக்காமல், கைபேசியின் அதிகாரபூர்வ செயலிக் கடையிலிருந்து மட்டும் இறக்குவதே பாதுகாப்பு.

நாம் அந்நியராகும்போது

அல்சூரிலிருந்து விமானம் ஏறி வெளிநாடு போகும் பிள்ளைகளும் நிறையப் பேர். அங்கே அவர்கள் வெளிநாட்டுப் பயணிகள். மற்ற நாடுகள் அவர்களிடம் என்ன கேட்கின்றன?

ஐரோப்பா கேட்பது, நீ எங்கே வசிக்கிறாய் என்று. 1959-இல் தொடங்கிய யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்கு. 1972-இல் வந்த இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வாழ்பவர்களுக்கு. இரண்டுமே இன்று 33 நாடுகளில் செல்லும். பெங்களூரில் வாழும் இந்தியர் யூரெயில் வாங்குவார். அவருடைய நண்பர் இந்திய பாஸ்போர்ட்டோடு பெர்லினில் வேலை பார்த்தால் இன்டர்ரெயில் வாங்கலாம். பாஸ் கைபேசியிலேயே வந்துவிடுகிறது. ஆனால் பாஸ் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பிரான்சின் அதிவேக வண்டிகளில் இடத்துக்குத் தனியாகப் பணம் கட்டி ரிசர்வ் செய்ய வேண்டும். பாஸ்காரர்களுக்கான இடமும் குறைவு.

ஜப்பான் கேட்பது, நீ தற்காலிகமாக வந்தவனா என்று. அங்கே ஜே.ஆர். பாஸ் வாங்கும் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டில் குறுகிய கால வருகையாளர் என்ற முத்திரை வேண்டும். வேலைக்கான விசாவில் அங்கே வசிப்பவருக்குக் கிடையாது. 2023 அக்டோபர் 1 அன்று அதன் விலையை ஒரேயடியாக ஏற்றினார்கள். 7 நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. ஆகவே போகிற ஊர்களைக் குறித்துக்கொண்டு தனித்தனி டிக்கெட்டின் விலையைக் கூட்டிப் பார்த்த பிறகே பாஸ் வாங்க வேண்டும். டோக்கியோவுக்குப் போய் ஒசாகா மட்டும் பார்த்துத் திரும்புபவருக்கு இப்போது பாஸ் நஷ்டம்.

நம் கார்டுகளுக்கும் ஒரு பூட்டு உண்டு. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வருகிறது. வங்கிச் செயலியில் நாம்தான் திறக்க வேண்டும். ஓ.டி.பி. இந்திய எண்ணுக்கு வரும். பாரிஸில் இறங்கி உள்ளூர் சிம்முக்கு மாறியபின் டிக்கெட் எடுக்க முயன்றால், அந்த ஓ.டி.பி. அல்சூர் வீட்டு மேஜையில் கிடக்கும் பழைய சிம்முக்குப் போயிருக்கும். புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுவது உத்தமம்.

என்ன செய்யலாம்?

இத்தனை பேர் உள்ளூரில் இடம் கிடைக்காமல் அல்லாடும்போது வெளிநாட்டவருக்கு எதற்குச் சலுகை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே சலுகை கேட்கவில்லை. தான் யார் என்று நிரூபிக்க ஒரு வழி கேட்கிறார்கள். ஆதார் விதியின் நோக்கம் எந்திரத்தையும் இடைத்தரகரையும் விலக்குவது. மெய்யான மனிதரை விலக்குவதல்ல. விசா கொடுக்கும்போதே பாஸ்போர்ட் விவரம், புகைப்படம் எல்லாவற்றையும் அரசாங்கம் வாங்கிக்கொள்கிறது. விமான நிலையத்தில் இறங்கியதும் மறுபடியும் சரிபார்க்கிறது. அப்படிச் சரிபார்த்த பாஸ்போர்ட்டை, விசாக் காலம் முடியும்வரை, ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாருக்குச் சமமாக ஏற்றுக்கொண்டால் என்ன? எந்திரத்துக்கு விசா கிடையாது.

இரண்டாவது, பாஸ். கைபேசியில் வரும் 7 நாள், 15 நாள் பாஸாக இண்ட்ரெயிலைத் திரும்பக் கொண்டுவரலாம்; டூரிஸ்ட் கோட்டாவை அதோடு சேர்த்துவிடலாம். ஒரே இடத்தில் பணம், ஒரே இடத்தில் ரிசர்வேஷன். கார்டு, கவுன்டர், கோட்டா என்று மூன்று இடத்தில் அலையும் வேலை மிச்சம்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு தமிழர்கள் தனுஷ்கோடி வரை ரயிலிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், அங்கிருந்து கொழும்பு வரை மறுபடி ரயிலிலும் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை போட் மெயில் பயணம் அப்படித்தான் நடந்தது. கம்ப்யூட்டர் என்ற பெயரே தெரியாத காலத்தில், இரண்டு ரயில்வேயும் ஒரு கப்பலும் சேர்ந்து ஓர் அட்டைத் துண்டில் செய்துகாட்டியது அது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி பயணிகள் கப்பல் விடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து அதில் வருபவர் கப்பல் டிக்கெட்டை இன்டர்நெட்டில் எடுத்துவிடலாம். நாகப்பட்டினத்தில் இறங்கி அன்று ராத்திரி வண்டிக்கு அவசரமாக ஓர் இடம் வேண்டுமென்றால், ஆதார் உள்ள ஒரு சொந்தக்காரரை அவர் தேட வேண்டும்.

எல்லோருக்கும் அல்சூரில் அண்ணன் மகள் இருப்பதில்லை.